தெரிந்து வினையாடும் பொருள்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடை முத்தமிழுக்கு உரியது. இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய இடத்தில் அமிலத்தையும் காரத்தையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பயன்படும்படி உன் துறையிலிருந்து ஏதேனும் சொல் என்று சங்கத்தார் பணித்தனர். அப்பணியைத் தலைமேற்கொண்டு, கரிம வேதியியலில் நாள்தோறும் வழங்கும் வினைப்பொருள்களைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க வந்துள்ளேன்.

நம் காலனியில் மேல்நிலை வகுப்பில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சென்றால், படிக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அதன் ஒருபுறத்தில் கிரிக்னார்டு, டாலன்ஸ், பெலிங், லூகாஸ், ஹின்ஸ்பெர்க்கு என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். மறுபுறத்தில் ஒவ்வொன்றும் எதனை எதுவாக மாற்றும் என்ற குறிப்பு இருக்கும். பிள்ளைகள் அதனை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து, நுழைவுத் தேர்வில் விடையைக் குறித்துவிட்டு வருகிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் தாள் சுவரிலிருந்து இறங்கிவிடும். பெயர்களும் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும்.

அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதரின் உழைப்பும், ஒரு தேவையும், ஓர் ஆபத்தும் நிற்கின்றன. ஆகவே ஒரு வினைப்பொருளைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும் என்பது என் வேண்டுகோள். அது எதைச் செய்யும்? எதைத் தொடாமல் விடும்? வேலை முடிந்தபின் எதை விட்டுச் செல்லும்? நம் பாடநூல்கள் முதற் கேள்விக்கு விரிவாக விடை கூறுகின்றன. இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்லுகின்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் சொல்லுவதே இல்லை.

சொல்லும் பொருளும்

நம் முன்னோர் அங்கக இரசாயனம் என்று வழங்கிய துறையையே இன்று கரிம வேதியியல் என்கிறோம். சர்க்கரை, எண்ணெய், துணி, சாயம், மருந்து, பிளாஸ்டிக்கு ஆகிய யாவும் கரிமத்தை அடிப்படையாகக் கொண்ட பொருள்கள். இவை உயிருள்ள உடலுக்குள்தான் தோன்ற இயலும் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நம்பினர். 1828-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிரெடரிக்கு ஓலர், உயிரற்ற உப்புகளிலிருந்து யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். அன்று தொடங்கிய முயற்சிதான் இன்று நம் மருந்துப் பெட்டி வரை வந்து நிற்கிறது.

ஆக்குவதற்குக் கருவி வேண்டும். தச்சன் மரத்தை இழைக்க இழைப்புளியும், துளைக்க உளியும், அறுக்க வாளும் வைத்திருக்கிறான். மூலக்கூறோ கண்ணுக்கும் கைக்கும் எட்டாத நுண்மை உடையது. அதைச் செதுக்கும் கருவியும் அதனைப் போன்ற நுண்மை உடையதாகவே இருத்தல் வேண்டும். எனவே வேதியியலார் ஒரு பொருளைச் செதுக்க மற்றொரு பொருளையே கருவியாகக் கொண்டனர். அக்கருவிதான் வினைப்பொருள், ஆங்கிலம் பயின்றோர் ரீஏஜெண்டு என்பது இதனையே. வினையில் ஈடுபடுவது வினைபொருள். வினையின் முடிவில் கிடைப்பது விளைபொருள். தமிழில் இவ்விரண்டுக்கும் இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு. ஆய்வுக்கூடத்தில் அந்த ஓரெழுத்தைக் கடப்பதற்குச் சில வேளை ஒரு வாழ்நாள் செல்லும்.

திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டார். எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆராய்ந்து செயற்படுவதைப் பற்றிய அதிகாரம் அது. அரசனுக்காகச் சொன்ன அந்த அறம் வேதியியலாருக்கும் அப்படியே பொருந்தும்.

காட்டிக்கொடுக்கும் பொருள்கள்

வினைப்பொருள்களுள் சில, புதிதாக ஒன்றை ஆக்குவதற்காக அல்லாமல், மறைந்திருப்பதைக் காட்டுவதற்காகவே பயன்படுகின்றன. இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர்களுள் சிலர்க்கு நினைவிருக்கும்: குளுக்கோமீட்டர் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன், நீரிழிவு உடையோர் சோதனைக் குழாயில் நீல நிறக் கரைசலை ஊற்றி, அதில் சிறுநீரைச் சில துளிகள் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் சிறிது, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏற ஏற மிகுதி, செங்கற் சிவப்பானால் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். அந்த நீலக் கரைசல்தான் பெனடிக்டு கரைசல். அதற்கு முன்னோடி 1849-இல் செருமானியர் எர்மன் பெலிங் வகுத்த பெலிங் கரைசல்.

இதன் உட்பொருள் எளியது. நீல நிறம் தாமிர உப்பினால் வருவது. சர்க்கரை மூலக்கூற்றில் உள்ள ஆல்டிஹைடு என்னும் தொகுதி அத்தாமிரத்திற்கு எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. எலக்ட்ரானைப் பெற்ற தாமிரம் சிவப்பு நிற ஆக்சைடாக வீழ்ந்து படிகிறது.

டாலன்ஸ் வினைப்பொருளும் இவ்வகையினதே. வெள்ளி நைட்ரேட்டை அம்மோனியாவில் கரைத்த இக்கரைசலோடு குளுக்கோசைச் சேர்த்து மெல்லச் சூடாக்கினால், குழாயின் உட்சுவரில் பளபளவென்று வெள்ளிக் கண்ணாடி படியும். மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் கைதட்டி மகிழும் காட்சி அது. ஆனால் இக்கரைசலைக் குப்பியில் ஊற்றி நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. நேரம் செல்லச் செல்ல அதில் வெடிக்கும் வெள்ளிச் சேர்மங்கள் உண்டாகலாம். வேண்டியபோது வேண்டிய அளவே கலந்து, வேலை முடிந்ததும் அமிலம் சேர்த்து அழித்துவிட வேண்டும். இதனைத்தான் மூன்றாவது கேள்வி என்றேன். கண்ணாடியின் அழகைச் சொல்லித் தரும் ஆசிரியர், குப்பியின் ஆபத்தையும் சொல்லித் தர வேண்டும்.

வலிமை வேறு, தெளிவு வேறு

இனி ஆக்கும் பொருள்களுக்கு வருவோம். ஒரு வினைப்பொருள் எவ்வளவு வலிமையுடையதோ அவ்வளவு சிறந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று.

கள் நாட்பட்டால் புளித்துக் காடியாகும் என்பது நாம் அறிந்ததே. அதிலுள்ள எத்தில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் பெற்று அசிட்டிக் அமிலமாக மாறுவதே அப்புளிப்பு. ஆல்கஹாலுக்கும் அமிலத்துக்கும் நடுவே ஆல்டிஹைடு என்று ஓர் இடைநிலை உண்டு. வாசனைப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் பல வேளை அந்த இடைநிலையே தேவை. நம் வீடுகளில் கிணற்று நீரில் இடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி. இத்தகைய ஆல்கஹாலை அதனிடம் ஒப்படைத்தால் அது இடையில் நிற்பதில்லை. அமிலம் வரை ஓடிவிடும். நடுவழியில் இறங்க வேண்டிய பயணியை விரைவு வண்டியில் ஏற்றிவிட்டது போன்ற கதை அது.

வேண்டிய நிலையத்தில் நிற்கும் வண்டியை 1975-இல் அமெரிக்க அறிஞர் கோரியும் அவருடன் பணியாற்றிய சக்ஸும் அறிமுகம் செய்தனர். பிரிடினியம் குளோரோகுரோமேட்டு என்பது அதன் பெயர். நீரில்லாத கரைப்பானில் அது ஆல்கஹாலை ஆல்டிஹைடு வரை கொண்டுசென்று நிறுத்திவிடுகிறது. கரிமச் சேர்மங்களைத் திட்டமிட்டு ஆக்கும் முறையை வகுத்தமைக்காகக் கோரிக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வாறு நல்ல விடை கிடைத்தது. மூன்றாவதற்கோ? வேலை முடிந்தபின் எஞ்சுவது குரோமியம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை விளைக்கக் கூடியது. அதன் கழிவு என்ன செய்யும் என்பதை அறிய நம் இராணிப்பேட்டையைப் பார்த்தாலே போதும். அங்கே 1990-களில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கழிவு மேடு, சுற்றுப்புறத்து நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தொழிற்சாலை மூடினாலும் அது விட்டுச் சென்றது மூடுவதில்லை. இதனாலேயே இன்று பல ஆய்வுக்கூடங்கள் குரோமியத்தைத் தவிர்க்கின்றன. துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டையே, தக்க வினையூக்கி ஒன்றைச் சிறிதளவு துணைக்கு வைத்து, அதே வேலைக்குப் பயன்படுத்துகின்றன. அந்த வழியில் எஞ்சுவது பெரும்பாலும் உப்பும் நீருமே.

இரண்டு டாலர்ப் புத்தகம்

ஆக்சிஜனேற்றத்திற்கு எதிரான வினை ஒடுக்கம். இதில் இரு வினைப்பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1947-இல் அறிவிக்கப்பட்ட லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு மிகவும் வலியது. ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர், அமிலம் என்று எதிர்ப்பட்டவற்றையெல்லாம் ஒடுக்கிவிடும். ஒரு துளி நீர் பட்டாலும் சீறும், தீப்பற்றவும் கூடும். சோடியம் போரோஹைட்ரைடோ சாதுவானது. ஆல்கஹாலிலும் காரம் கலந்த நீரிலும் கூட அமைதியாக வேலை செய்யும். ஆல்டிஹைடையும் கீட்டோனையும் ஒடுக்கும். பக்கத்திலுள்ள எஸ்டரைப் பொதுவாகத் தொடாது. ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் முதலில் கையை நீட்டி எடுக்கும் குப்பி இந்தச் சாதுவினுடையதே.

இதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் எர்பர்ட்டு சார்லசு பிரவுன். 1912-இல் இலண்டனில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, வறுமையில் வளர்ந்தவர். 1936-இல் அவர் பட்டம் பெற்றபோது, பின்னாளில் அவர் மனைவியான சேரா என்ற மாணவி அவருக்கு ஒரு புத்தகம் பரிசளித்தார். அது போரான், சிலிக்கான் ஆகியவற்றின் ஹைட்ரைடுகளைப் பற்றியது. ஏன் அந்தப் புத்தகம்? கடையில் இருந்த வேதியியல் நூல்களுள் அதுவே விலை குறைந்தது. ஏறத்தாழ இரண்டு டாலர். பொருளாதாரத் தளர்ச்சிக் காலத்தில் இரண்டு டாலரும் பெரிய தொகைதான். அந்தப் புத்தகம் பிரவுனைப் போரான் பக்கம் திருப்பியது. 1979-இல் நோபல் பரிசு வரை கொண்டு சென்றது. அவருடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் மூன்றும் ஹைட்ரஜன், கரிமம், போரான் ஆகியவற்றின் குறியீடுகளாகவே அமைந்தன. பெற்றோர்களே, விலை உயர்ந்த பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டுகிறோம்; அது தேவையாகவும் இருக்கலாம். அதனோடு பிள்ளையின் கையில் ஒரு நல்ல புத்தகத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

ஈரம் ஆகாத வினை

இதுவரை சொன்னவை ஒரு மூலக்கூற்றின் மேல்பூச்சை மாற்றுபவை. எலும்புக் கூட்டையே நீட்டுவதற்கு, அதாவது கரிமத்தோடு கரிமத்தை இணைப்பதற்கு, வழி காண்பதே கடினம். கரிமத்தின் மேல் ஹாலஜன் ஒன்று அமர்ந்திருந்தால், அது எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கரிமம் சிறிதளவு நேர்மின் தன்மை அடையும். நேரும் நேரும் சேரா.

1900-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில், பார்பியர் என்ற பேராசிரியரிடம் பயின்ற விக்டர் கிரிக்னார்டு, உலர்ந்த ஈதரில் மக்னீசியத் துருவலையும் ஹாலஜன் சேர்மத்தையும் சேர்த்தார். கரிமத்துக்கும் ஹாலஜனுக்கும் நடுவே மக்னீசியம் புகுந்தது. மக்னீசியம் எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடையது. எனவே கரிமத்தின் குணமே தலைகீழாக மாறி எதிர்மின் தன்மை அடைந்தது. எதிர்மின் கரிமம் மற்றொரு நேர்மின் கரிமத்தைத் தேடிப் பற்றிக்கொண்டது. 1912-இல் கிரிக்னார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவர் வினைப்பொருள் ஓய்வு பெறவில்லை.

இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு: ஈரம் கூடாது. நீர் இருந்தால் கரிமத்தைத் தேடுவதை விட்டு நீரின் ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டு அழிந்துவிடும். மேற்குக் கடற்கரையின் மழைக்காலத்தில் இவ்வினையைத் தொடங்க முயன்ற ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். குடுவையைச் சூட்டில் உலர்த்தி, ஈதரைச் சோடியத்தின் மேல் உலர்த்தி, மக்னீசியத்தைத் தூண்ட ஓர் அயோடின் படிகத்தை இட்டுக் காத்திருப்பார்கள். அயோடினின் பழுப்பு நிறம் மறைந்து, ஈதர் தானே கொதிக்கத் தொடங்கினால் முகம் மலரும். பொறுமையும் தூய்மையும் இல்லாதவனுக்குக் கிரிக்னார்டு வசப்படுவதில்லை. மனப்பாடத் தாளில் இந்தப் பாடம் இடம்பெறுவதில்லை.

இடம்பெயர்ந்த தமிழர் ஒருவர்

பெயர்களெல்லாம் மேலைநாட்டாருடையனவாகவே இருக்கின்றனவே என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். இந்தியர் பங்கு சிறிதன்று. ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ், 1901-இல் பங்கு நிறுவனமாக வளர்ந்தது. அமிலமும் மருந்தும் இந்நாட்டிலேயே ஆக்க முடியும் என்பதை அது காட்டியது.

உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. அது பேக்கர்–வெங்கடராமன் வினை. 1901-இல் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இராபர்ட்டு இராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து திரும்பியபின், இலாகூரில் கல்லூரி ஆசிரியரானார். மலர்களுக்கும் மரப்பட்டைகளுக்கும் மஞ்சள் நிறம் தரும் பிளேவோன் என்னும் பொருள்களை எளிதில் ஆக்கும் வழியை அவர் 1930-களின் தொடக்கத்தில் அங்கே கண்டார். இங்கிலாந்தில் பேக்கர் என்பவரும் அதே காலத்தில் தனியே கண்டதால் இருவர் பெயரும் இணைந்தன. காரம் ஒன்றைச் சேர்த்த அளவில், மூலக்கூற்றின் ஒரு தொகுதி தான் பற்றியிருந்த ஆக்சிஜனை விட்டு, அதே மூலக்கூற்றின் கரிமம் ஒன்றுக்கு இடம்பெயர்கிறது. அவ்வாறு பெயர்ந்தபின்தான் பிளேவோன் வளையம் உருவாக வழி பிறக்கிறது.

சென்னையில் பிறந்து, இலாகூரில் பெயர்பெற்று, பம்பாயில் சாயவியல் கற்பித்து, 1957-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானவர் அவர். குளித்தலையில் பிறந்து, 1949 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தாவர நிறமிகளை ஆராய்ந்த டி. ஆர். சேஷாத்திரியும் இவ்வரிசையினரே. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர் வீட்டுப் பிள்ளைகள் இவ்விருவரையும் அறிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்த தொகுதிதான் அந்த மூலக்கூற்றில் புதிய வளையத்திற்கு வழிவகுத்தது. இடம்பெயர்ந்த மனிதரும் சென்ற இடத்தில் புதியதை உருவாக்க இயலும்.

குணம் ஒன்றே, பயன் இரண்டு

ஒரு வினைப்பொருளுக்கு நன்மை தீமை தெரியாது. அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலக்கூற்றில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் மேல் அசிட்டைல் என்னும் சிறு தொகுதியைப் பொருத்துவதே அதன் தொழில். சாலிசிலிக் அமிலத்தின் மேல் பொருத்தினால் ஆஸ்பிரின். 1897-இல் செருமனியில் பிலிக்சு ஆப்மன் அதனைத் தூய நிலையில் ஆக்கினார். இன்று அது எத்தனையோ இதய நோயாளிகளைக் காக்கிறது. அதே அன்ஹைட்ரைடு அதே வேலையை அபினியிலிருந்து எடுத்த மார்பினின் மேல் செய்தால், விளைவது ஹெராயின். எத்தனையோ குடும்பங்களை அது அழிக்கிறது. ஆகவேதான் 1993 முதல் இந்தியாவில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக உள்ளது. அதனை வாங்குவதற்கும் விற்பதற்கும் கணக்கு வைத்தல் வேண்டும். வினை ஒன்றே. தேர்ந்தெடுக்கும் மனிதனிடமே வேறுபாடு இருக்கிறது.

இதனினும் கொடிய பாடம் போபாலுடையது. கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியை ஆக்க, யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட்டு என்ற வினைப்பொருளைப் பயன்படுத்தினர். நாப்தால் என்னும் பொருளின் ஹைட்ராக்சில் தொகுதியோடு அது விரைந்து இணையும். அதனாலேயே அதைத் தேர்ந்தனர். ஆனால் நீரிலும் ஹைட்ராக்சில் உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, அதனைச் சேமித்திருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. எந்த விரைவுக்காக அதைத் தேர்ந்தார்களோ, அந்த விரைவோடு அது நீருடன் வினைபுரிந்தது. வெப்பம் பெருகிற்று. 39 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் அப்பொருள் ஏறத்தாழ 40 டன் அளவு நச்சு வளியாக வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த ஊரின் மேல் படர்ந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

இதில் மாணவர்கள் அறிய வேண்டிய வேதியியல் உண்மை ஒன்று உண்டு. அதே கார்பரிலை வேறு வரிசையிலும் ஆக்கலாம். முதலில் நாப்தாலைப் பாஸ்ஜீனுடனும், பின்னர் கிடைத்ததை மெத்தில் அமீனுடனும் வினைபுரியச் செய்தால், இடையில் மெத்தில் ஐசோசயனேட்டு தோன்றுவதே இல்லை. பாஸ்ஜீனும் கொடிய நஞ்சுதான். ஆயினும் தொட்டி தொட்டியாக ஐசோசயனேட்டைச் சேமித்து வைக்கும் தேவை எழுவதில்லை. எந்த வினைப்பொருளை, எந்த வரிசையில், எவ்வளவு சேமித்து என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. ஆலைக்கு வெளியே குடிசையில் உறங்கும் குழந்தையின் உயிர் அக்கேள்வியில் அடங்கியுள்ளது.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று. இரத்த அழுத்தத்திற்கு வால்சார்ட்டான் என்ற மாத்திரை உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதன் பல தொகுப்புகளை உலகின் பல நாடுகள் திரும்பப் பெற்றன. சீனத்து உற்பத்தியாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தார். எஞ்சிய சோடியம் அசைடு என்ற ஆபத்தான வினைப்பொருளை அழிக்கச் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்தார்கள். அந்த நைட்ரைட்டு, கரைப்பானிலிருந்து பிறந்த அமீனோடு சேர்ந்து, புற்றுநோய் விளைக்கக் கூடிய நைட்ரோசமீன் ஒன்றை மிகச் சிறிய அளவில் உண்டாக்கியது. வழக்கமான தரச் சோதனைகள் அதனைத் தேடவே இல்லை. ஆதலால் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படவில்லை. நோய் தீர்க்கும் மருந்திலேயே மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்ததன் விளைவு அது.

வீட்டிலும் இவை உண்டு

தாய்மார்களே, வினைப்பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை. நம் குளியலறை அலமாரியிலும் இருக்கின்றன. வெளுப்புத் திரவம் ஹைப்போகுளோரைட்டு; கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. தனித்தனியே இரண்டும் பயனுள்ளவை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்று எண்ணிக் கலந்தால் குளோரின் வளி கிளம்பும். சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெளுப்புத் திரவத்தோடு அம்மோனியா கலந்த பொருளையும் சேர்க்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிகளுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள். ஆபத்துக்கு முதலில் ஆளாகின்றவர்கள் பெரும்பாலும் அவர்களே.

முடிவுரை

உலகம் இந்தப் பாடங்களைக் கற்றுக்கொண்டுதான் வருகிறது. கழிவைப் பிறகு அகற்றுவதினும் கழிவே உண்டாகாத வழியைத் தேர்வது மேல் என்ற கொள்கையை வைத்து, அனசுடாசு, வார்னர் என்ற இரு அமெரிக்க அறிஞர் 1998-இல் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். உலோகங்களின் துணையின்றி, புரோலின் போன்ற எளிய கரிம மூலக்கூறுகளையே வினையூக்கியாகக் கொள்ளும் வழிக்காக 2021-இல் லிஸ்டு, மேக்மில்லன் ஆகியோர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலின் புரதத்திலேயே உள்ள பொருள் அந்தப் புரோலின். வலிமையைத் தேடிய காலம் போய், தெளிவைத் தேடும் காலம் வந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, சுவரில் உள்ள அந்தத் தாளைக் கிழித்தெறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வுக்கு அது வேண்டும். இரண்டு கட்டங்கள் உள்ள அத்தாளில் மேலும் இரண்டு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். எதைத் தொடாமல் விடும் என்று ஒரு கட்டம். எதை விட்டுச் செல்லும் என்று மற்றொரு கட்டம். நிரப்பத் தெரியாத இடங்களை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், நூலகத்தில் தேடுங்கள். உங்களுள் சிலர் நாளை ஆலைகளில் பொறுப்பேற்பீர்கள். சிலர் மருந்து ஆக்குவீர்கள். எந்தக் குப்பியை எடுப்பது என்று முடிவு செய்யும் நாள் வரும்போது, அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பிப் பழகிய கை சற்றே நின்று எண்ணிப் பார்க்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் நூலகத்தில் கதைகளுக்கும் காவியங்களுக்கும் அருகே அறிவியலுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். இரண்டு டாலர்ப் புத்தகம் ஒன்று எந்தப் பிள்ளையின் கையில் என்ன வினை புரியும் என்று யார் அறிவார்?